முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்பான முன்னாள் தொண்டரே" என்று ஆரம்பித்திருந்தது. ஈப்போவில் நான் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்த குழந்தைகள் அமைப்பு ஒரு மலர் போடுகிறதாம். அந்த நாட்களைப் பற்றி இனிமையான நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். 'இனிமையான' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் வேறு எதையாவது எழுதித் தொலைப்பேன் என்று அவர்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும்போல. கூடவே ஒரு படம். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, ஒட்ட வெட்டிய தலை. பல் தெரிகிறது, ஆனால் அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. கீழே "புதிய தொடக்கம்" என்று எழுதியிருந்தது.

படம் எடுத்தவன் நான். தலையை வெட்டியவனும் நான்தான்.

படத்தைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். நம்புங்கள், கைபேசிக்குள்ளிருந்து பேன் மருந்து நாறியது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்த மருந்து, மண்ணெண்ணெயில் மலிவான ரோஜா சென்ட்டைக் கொட்டிக் கலக்கிய மாதிரி ஒரு வாடை. கையில் பட்டால் மூன்று சோப்புப் போட்டாலும் போகாது. மருந்து நாற்றத்தின் பின்னாலேயே கோப்பெங் போகிற வழியில் இருந்த ரப்பர் ஆலையின் நாற்றமும் வந்துவிட்டது. காய்ந்த ரப்பர் துண்டுகளை அங்கே மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். ஒரு வாரம் மறந்துபோன மோர்ப் பானையில் எலி விழுந்து செத்தால் எப்படியிருக்கும், அப்படி. தினமும் மத்தியானம், கூட வேலை பார்த்த நசீரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து அந்த வழியாகத்தான் போவேன். அங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். ஆலை வருவதற்கு அரை மைல் முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பாவி இதைக் கண்டுபிடித்துவிட்டான். சரியாக ஆலை வாசலில் வந்ததும் வேகத்தைக் குறைப்பான்.

"மூச்ச விடு மச்சான். ஒங்க ஊரு ஆளுங்கதான் தலைமுறை தலைமுறையா இத மோந்தாங்க. ஒனக்கு ஒரு நிமிசம் ஆவலயா?"

நான் சுலபத்தில் குமட்டுகிற ஆள். செங்கல் சூளையில் பிறந்தவனுக்கு இத்தனை நாசூக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா இன்றும் கேட்பாள். விடுதியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் அரசு விடுதியில் சேர்த்த அன்றே வார்டன் எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தலையை மழித்துவிட்டார். பேன், பொடுகு, சூளைப் புழுதி எல்லாம் சேர்ந்து விழுந்தது. கையில் ஒரு சிவப்பு சோப்பு கொடுத்தார். அன்றைக்குத் தலையைத் தடவிப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது. படிப்பு என்றால் அந்த சோப்பு வாசனைதான் என்று மனதில் பதிந்துபோயிற்று. அதன்பிறகு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா முந்தானையில் வாடை வருகிறது என்று முகத்தைத் திருப்புவேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போகிற அசிங்கத்துக்கு இதுதான் வேர். உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

கல்லூரி முடித்த கையோடு, அறிவிப்புப் பலகையில் பார்த்து விண்ணப்பித்து, விமானச் சீட்டும் வந்து, மலேசியாவுக்குப் போய்விட்டேன். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டபிறகு தமிழும் கணக்கும் சொல்லித்தர வேண்டும். ஊரில் வழியனுப்ப வந்தவர்களிடம் நான் ஒரு சிறு உரையே ஆற்றினேன். "அறியாமை இருளை" என்று ஏதோ வந்தது அதில். இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே போனால் அந்த எஸ்டேட். எஸ்டேட் என்று பெயர்தான், ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, அதையும் யாருக்கோ விற்றுவிட்டிருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் முப்பது நாற்பது குடும்பம் மட்டும் எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்று இருந்தது. ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் வேனில் ஏறி ஈப்போவுக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடுவார்கள். எங்கள் வகுப்பு நடந்தது பழைய ஆயாக் கொட்டகையில். அந்தக் காலத்தில் தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்களாம். தொட்டில் கட்டிய இரும்பு வளையங்கள் உத்திரத்தில் அப்படியே இருந்தன. அவற்றில் நாங்கள் புத்தகப் பைகளை மாட்டுவோம்.

முதல் நாள் நான் செருப்போடு உள்ளே நுழைந்தேன். உள்ளிருந்து ஒரு குரல்:

"ஏய் ஊர்க்காரா! செருப்ப கழட்டுலா. நான் தூங்குன எடம் இது."

அதுதான் லோகா. அந்த லயத்திலேயே பிறந்து, அந்தக் கொட்டகைத் தொட்டிலிலேயே வளர்ந்து, இப்போது ஈப்போவில் புந்தோங் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் லோகாக்கா என்பேன். அவள் கடைசிவரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. ஊர்க்காரன்தான். அங்கே ஊர் என்றால் தமிழ்நாடு.

நசீர் எங்களில் மூன்றாவது. அவன் அத்தாவுக்கு ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் மிஞ்சிய ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவையும் ஒரு வாளிப் பருப்புக் குழம்பையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். தொண்டு செய்ய ஏன் வந்தாய் என்று நான் ஒருநாள் மெனக்கெட்டுக் கேட்டேன். பெரிய பதிலாக எதிர்பார்த்தேன். "வீட்ல இருந்தா அத்தா தட்டு கழுவ விடுவாருலா" என்றான். அவன் சட்டையில் எப்போதும் மீன்தலைக் கறி மணக்கும். மணக்கும் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது 'நாறும்' என்றுதான் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை பேன் நாள். லோகாக்கா தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தலையைக் கொடுக்கும். பேன்சீப்பை இழுத்துத் தாளில் தட்டினால் பொலபொலவென்று விழும். யார் தலையில் எத்தனை என்று போட்டி வேறு. "எனக்கு இருவத்தி மூணு!" என்று ஒன்று குதிக்கும். "போடா, எனக்கு முப்பது" என்று இன்னொன்று. நசீர் நடுவர். நான் வாசற்படியில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வகுப்பு முடிந்ததும் லோகாக்கா புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரிப்பாள். எண்ணெயில் பொரித்த கடலை, பயறு, முறுக்குத் துண்டுகள். பேன் குத்திய அதே கையால் அள்ளி நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன்.

"சாருக்கு நம்ம கை நாறுதாம், நசீரு."

"அவன் ஊருல எல்லாரும் கரண்டியோடதான் பொறந்தாங்கக்கா."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதற்கு முன் நண்பர்கள் என்று இருந்ததில்லை. விடுதியில் இருந்ததெல்லாம் மதிப்பெண்ணில் எனக்கு முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். சாயங்காலம் சிம்பாங் பூலாய்ச் சந்தியில் சாலையோர ஒட்டுக்கடையில் மூன்று பேரும் தே ஓ குடிப்போம். பால் ஊற்றாத தேநீர். லோகாக்கா என் கணக்குப் பாடத்தைக் கேலி செய்து காட்டுவாள், நான் 'பிள்ளைகளே' என்று கூப்பிடுவதை மூக்கால் சொல்லிக்காட்டுவாள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து இப்படி இரண்டு பேர் கிடைத்தார்களே என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தே ஓ சொல்வேன்.

படத்தில் இருக்கிற பிள்ளையின் பெயர் தேவிகா. இடுப்புவரை முடி. பேன் நாளில் அவள் முறை எப்போதும் கடைசி. லோகாக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பகுதி பகுதியாகப் பிரித்து வாரி, எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னலைப் போட்டுத்தான் விடுவாள். அது வேண்டுதல் முடி. தேவிகாவின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து ஆறாமல், ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கால் தப்பித்தால் இந்தப் பிள்ளையின் முடியை இரண்டு வருஷம் வளர்த்துத் தைப்பூசத்தன்று முருகனுக்குக் கொடுக்கிறேன் என்று அவள் அம்மா வேண்டிக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஆகியும் கால் இருந்தது. அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இன்னொரு நாற்காலியில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நாங்கள் போகும்போது, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்பார். அங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம். மத்தியானம் மூன்று மணிக்கும் அதே கேள்விதான்.

இதையெல்லாம் லோகாக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. தெரியாத வெள்ளைக்காரன் செய்திருந்தால் அது ஒரு மாதிரி. என் அக்காவுக்கே எங்கள் ஊரில் வேண்டுதல் முடி இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. தைப்பூசத்துக்கு நாலு மாதம் இருந்தது. நாலு மணிக்குப் புத்தகங்கள் வாங்கிக்கொடுக்கிறவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அமைப்பின் பொறுப்பாளர் அம்மா காலையில் போனில் கூப்பிட்டார். ஈப்போவிலிருந்து வாசனையோடு காரில் வருகிறவர். "பிள்ளைங்க தல சுத்தமா இருக்கணும் தம்பி. கிருமின்னு நெனச்சுடக்கூடாது. அப்புறம் படம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்துருங்க. அவங்களுக்கு அதுதான் புடிக்கும்."

லோகாக்கா தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நானும் நசீரும்தான். வாசற்படியில் நின்று மரத்தைப் பார்த்தவன் அன்றைக்குத் தளபதி ஆகிவிட்டேன். மூக்கில் துணி, கையில் பிளாஸ்டிக் உறை. பையன்களுக்கு முடிவெட்டும் மெஷின் போட்டாயிற்று. பெண் பிள்ளைகளுக்கு மருந்து தடவி வாரச் சொல்லித்தான் உத்தரவு. அதுவரை சரிதான். தேவிகா முறை வந்தபோது மணி மூன்று. முதலில் 'முன்னாடி' படத்தை எடுத்தேன். பிறகு சீப்பை உள்ளே விட்டேன். இரண்டு பல் உடைந்தது. பிரித்துப் பார்த்தால் அடியில் சாம்பல் தூவிய மாதிரி ஈர். ஒன்று என் கைமேல் ஏறியது. எனக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் கத்தரியை எடுத்தேன்.

"சார், இது சாமி முடி சார். லோகா டீச்சர் மட்டுந்தான் தொடும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

"சாமிக்கு முடிய மட்டுமா குடுக்கப்போற? பேனையும் சேர்த்தா?"

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. நசீர் சிரித்தான். என் நகைச்சுவை எனக்கே பிடித்துப்போய் நானும் சிரித்தேன். தேவிகாவும் கொஞ்சம் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தனியாகிவிடுவோம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கத்தரி, பிறகு மெஷின். நசீர் ஒரு தடவை, "மச்சான், லோகாக்காவ கேட்டுட்டு..." என்று இழுத்தான். "வார்டன் எனக்கும் இப்படித்தான் செஞ்சாரு, நான் என்ன கெட்டுட்டனா?" என்றேன். விழுந்த முடியை நான் கையால் எடுக்கவில்லை. காலால் செய்தித்தாள்மேல் தள்ளி, மடித்து, கறுப்புப் பைக்குள் போட்டேன். காலால்.

நாலு மணிக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். 'பின்னாடி' படத்தை எடுத்தேன்.

சாயங்காலம் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டு, அந்தப் பிள்ளை ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டார். வேண்டுதலைச் சொன்னேன்.  "வீட்ல கேட்டா தலையில புண்ணு இருந்துச்சு, டாக்டர்தான் வெட்டச் சொன்னாருன்னு சொல்லிடுங்க தம்பி. பிரச்சினை வேணாம்." நான், "சரிங்க மேடம்" என்றேன். அந்த 'சரிங்க' கூட விடுதியில் கற்றதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புந்தோங்கில் என் அறைக் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். திறந்தால் லோகாக்கா. கல்யாணத்துப் பட்டுச்சேலை, வாடின மல்லிகைப்பூ. பின்னால் நசீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேவிகாவின் அப்பா முந்தின இரவு லோகாக்காவுக்கு போன் போட்டிருக்கிறார். பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை, அவள் அம்மா இரவு ஷிஃப்டிலிருந்து வந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று. லோகாக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"பசியாறிட்டியா?" என்றாள்.

"இல்லக்கா."

"நல்லது. வாந்தி எடுக்க ஒண்ணும் இருக்காது. வா."

கொட்டகைக்குப் பின்னால் குப்பைக் குழி. சனிக்கிழமை சாயங்காலம் கொளுத்துவது வழக்கம். முந்தின நாள் பிடித்த மழையில் கொளுத்தவில்லை. அதுதான் அவளுடைய ஒரே நம்பிக்கை. குழியில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து கறுப்புப் பைகள் மிதந்தன. இறால் தலை, குழந்தைகளின் அழுக்குத் துணி, ஊறி உப்பிய மீ நூடுல்ஸ், மேலெல்லாம் வெள்ளைப் புழு. எந்தப் பை என்றாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். நசீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான்.

நான் இறங்கவில்லை. இறங்க நினைத்தேன், கால் வரவில்லை. ஓரத்தில் குனிந்து வெறும் வயிற்றில் ஓங்கரித்தேன். மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர்தான் வந்தது. நசீர் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "நீ மேல நில்லு மச்சான். தேவிகா அம்மா வேன் வந்தா சொல்லு" என்றான். குழியில் இறங்க முடியாதவனுக்கும் ஒரு வேலை கொடுத்து நிறுத்தினானே, அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஏழாவது பையிலோ எட்டாவது பையிலோ இருந்தது. செய்தித்தாள் கூழாகி, யாரோ கொட்டிய குழம்போடு ஒட்டி, செத்த பிராணி மாதிரி ஒரு கொத்து. லோகாக்கா அதைக் குழாயடியில் துணி சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினாள். பிழிந்து, விரலால் கோதி, சிக்கெடுத்து, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் நூலை உருவி அதனால் கட்டி, கைக்குட்டையில் வைத்தாள். இத்தனைக்கும் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தேவிகாவின் அம்மா கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு வேனிலிருந்து இறங்கினார். வாசலில் நாற்காலியில் அப்பா. உள்ளே மூலையில் துண்டு போட்ட தலை. அம்மா துண்டை விலக்கிப் பார்த்தார், பிள்ளை அவர் காதோடு ஏதோ சொன்னது. பிறகு எங்களைப் பார்த்தார். நான் படித்தவன் இல்லையா, முதலில் வாயைத் திறந்தேன்.

"தலையில புண்ணு இருந்துச்சுக்கா. டாக்டர்தான்..."

லோகாக்கா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சற்றுமுன் குழியைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

"இல்லக்கா" என்றான் நசீர். "புண்ணு இல்ல. டாக்டரும் இல்ல. பேனுன்னு நாங்கதான் வெட்டினோம்."

நாங்க என்றான். கத்தரி அவன் கையில் இருக்கவேயில்லை.

லோகாக்கா கைக்குட்டையை நீட்டினாள். அந்த அம்மா பிரித்துப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "குப்பைக்குப் போனத சாமிக்கு எப்படி லோகா குடுக்கறது?" கோபமே இல்லாமல், நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"வெட்டுனதுகூட போவட்டும் தம்பி. பேனு, ஒங்களுக்கு அசிங்கமா இருந்துருக்கும். புள்ள சாமி முடின்னு சொன்னதுக்கு சிரிச்சீங்களாமே?"



"விடு, ஊருலேருந்து வந்த புள்ள" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து.

"ஒக்காருங்க. தே ஓ கலக்குறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றுவிட்டு அந்த அம்மா உள்ளே போனார். இரவெல்லாம் நின்று வேலை செய்த கால். மூன்று பேருக்கும் கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். இனிப்பாக இருந்தது. என் தொண்டை அதை இறக்கிய சத்தம் எனக்கே கேட்டது. குப்பைக் குழி பக்கத்தில் குமட்டிய வயிறு அப்போது குமட்டவில்லை பாருங்கள். குமட்ட வேண்டிய இடமே அதுதான்.

முடியை லோகாக்கா கிந்தா ஆற்றில் விட்டாள். என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது புதன்கிழமை, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த என்மேல் பேன்சீப்பை எறிந்தாள். "ஒக்காரு, ஊர்க்காரா." உட்கார்ந்தேன். அதிலிருந்து ஊர் திரும்பும்வரை புதன்கிழமை தோறும் நானும் வாரினேன். கை நாறத்தான் செய்தது. கச்சாங்கை அந்தக் கையாலேயே எடுத்துத் தின்றேன். லோகாக்கா ஒன்றும் கேலி செய்யவில்லை, பொட்டலத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். மன்னிப்பு என்று அவள் அகராதியில் இருந்தது அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் என் முன்னால் வந்து தலை கொடுத்தன. தேவிகா மட்டும் வரவில்லை. அவள் வரிசையில் எப்போதும் லோகாக்கா பக்கம்தான் நிற்பாள்.

தைப்பூசத்தன்று நானும் நசீரும் கோயில் பக்கம் போனோம். கூட்டத்தில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். தேவிகாவுக்கு இரண்டு அங்குலம் முடி வளர்ந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா. மொட்டைத் தலை, அதன்மேல் ஈரச் சந்தனம். பிள்ளையின் முடிக்குப் பதிலாகத் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். "போய்ப் பேசு மச்சான்" என்றான் நசீர். நான் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் தாண்டிப் போகும்வரை ஒரு பனிக்கட்டிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் நசீர் கல்யாணத்துக்கு ஈப்போ போனபோது எஸ்டேட் பக்கம் கூட்டிப்போகச் சொன்னேன். ரப்பர் ஆலை மூடிக் கிடந்தது. அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்தேன். நசீரும் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்கினான். ஒரு நாற்றமும் இல்லை. லயங்கள் இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை. இரும்பு வளையங்களைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போயிருப்பான். சுவர் கட்டிய புது வீட்டுமனை, வாசலில் காவலாளி. யார் வீட்டுக்கு என்று கேட்டான். சும்மா என்று சொல்லி வாசற்கதவு வழியாக எட்டிப் பார்த்தோம். குப்பைக் குழி இருந்த இடத்தில் ஊஞ்சல் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றி எங்கெங்கோ அடுக்குமாடிகளில் சிதறிவிட்டன. தேவிகா வீட்டோடு லோகாக்காவுக்குத் தொடர்பு இருக்கிறது. அவள் அப்பாவின் கால் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. லோகாக்காவும் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மின்னஞ்சலை அவளுக்கு அனுப்பி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. பின்னால் பிள்ளைகள் இரைச்சல்.

"எழுதுலா. கத்தரி யார் கையில இருந்துச்சுன்னு எழுது. சிரிச்சத எழுது. அத மட்டும் வுட்டுட்டு, ஆறு அழகு, மல அழகுன்னு எழுதின, நான் அங்கன வந்து ஒதப்பேன்."

முதலில் அமைப்புக்கு ஒரு பதில் எழுதினேன். என்ன நடந்தது என்று முழுவதும் எழுதி, அந்தப் பிள்ளையின் படத்தைத் தயவுசெய்து போட வேண்டாம், யாருடைய அனுமதியும் இல்லாமல் எடுத்தது என்று கேட்டுக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் மறுமொழி வந்தது. மிகவும் அன்பாக இருந்தது. உங்கள் உணர்வை மதிக்கிறோம், அந்தப் படத்தை எடுத்துவிட்டோம், கவலைப்பட வேண்டாம், வேறு நிறைய இருக்கிறது என்று எழுதி இன்னொன்றை இணைத்திருந்தார்கள்.

எனக்குத் தெரியாத ஒரு பெண் பிள்ளை, ஒட்ட வெட்டிய தலை, கீழே அதே "புதிய தொடக்கம்". கொட்டகை போய்விட்டதால் ஏதோ ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளம். பிள்ளைக்குப் பின்னால் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன், கையில் பிளாஸ்டிக் உறை. யாரோ எதற்கோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.